‘கடல்சூழ்’ என்னும் அடை: பழைய ஆங்கிலச் சொல்லொன்றும் தீவக நோக்கும்

1. பிரச்சினை

வழக்கொழிந்து, செய்யுளிலும் மேடையிலும் மட்டும் எஞ்சி நிற்கும் சொற்கள் இலக்கிய ஆராய்ச்சியாளனுக்குப் பெரும்பயன் தருவன. அன்றாட வழக்கிலுள்ள சொல் பலர் வாய்ப்பட்டுப் பொருள் மாறிக்கொண்டேயிருக்கும். வழக்கிறந்த சொல்லோ, தான் வழங்கிய காலத்து உலக நோக்கினைப் பெரிதும் மாற்றமின்றித் தாங்கி நிற்கும். ஆங்கிலத்திலே ‘சீ-கேர்ட்’ என்னும் பெயரடை அத்தகையது. கடலாற் சூழப்பட்ட என்பது அதன் பொருள். இன்று எந்த ஆங்கிலேயனும் தன் அயலவனோடு பேசும்போது இச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ஆயினும் தீவு என்ற சொல் வருமிடமெல்லாம் கவிதை மொழியும் நாட்டுப்பற்று மொழியும் அதனை நாடிச் செல்கின்றன.

தமிழிலே இதற்கு நேரானதாகக் ‘கடல்சூழ்’ என்னும் தொடரைக் கொள்வது வழக்கம். அகராதி நிலையில் இவ்விணைப்பிற் பிழையில்லை. ஆனால் இலக்கியத்தில் ஓர் அடைமொழி பொருளை மட்டும் தருவதன்று; பொருளை நோக்குபவன் எங்கே நிற்கின்றான் என்பதையும் அது தருகின்றது. கடல் ஒரு நிலத்தைச் சூழ்ந்திருப்பதைக் காண்பவன் யார்? அந்நிலத்தின் ஒரு கரையில் நின்று படகுக்குக் காத்திருப்பவன் முழுச் சூழலையும் காண்பதில்லை. அவன் காண்பது தனக்கு முன்னேயுள்ள நீரை, அந்நீரின் மறுகரையை, அன்றைய காற்றை. சூழ்ந்திருப்பதைக் காண்பதற்கு உயர்ந்த இடமொன்று வேண்டும், அல்லது தேசப்படமொன்று வேண்டும், அல்லது அந்நிலம் முழுவதையும் தனதெனக் கருதும் உரிமை வேண்டும்.

இக்கட்டுரையிலே நாம் இவ்வடையின் ஆங்கில வரலாற்றையும் தமிழ் வழக்கையும் ஒப்பிட்டு நோக்கி, யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் அனுபவத்தோடும் அங்கிருந்து எழுந்த இலக்கியத்தோடும் அதனைப் பொருத்திப் பார்க்க முயல்கின்றோம். புங்குடுதீவின் மேற்கு அந்தத்திலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையை எமது உரைகல்லாகக் கொள்கின்றோம். தரைவழி முடிந்து நீர்வழி தொடங்கும் இடம் அதுவாதலின் இச்சொல்லைச் சோதிப்பதற்கு அதனிலும் தக்க இடம் இல்லை எனலாம்.

2. கச்சையும் காவலும்

‘கேர்ட்’ என்பது ‘கேர்ட்’ செய்தல், அஃதாவது இடுப்பைச் சுற்றிக் கச்சையோ வாரோ கட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்த இறந்தகால எச்சவடிவம். வீரன் வாளைத் தொங்கவிடுவதற்காக அரையிற் கட்டும் வார் இவ்வினையோடு நெருங்கிய தொடர்புடையது. தமிழிலும் கச்சை கட்டுதல் என்பது போருக்கு ஆயத்தமாதலைக் குறிக்கும் மரபுத்தொடராக உள்ளது. ஆகவே ஆங்கிலச் சொல்லின் உள்ளே கிடக்கும் படிமம் ஆயுதம் பூண்ட உடலொன்றின் படிமமாகும். கடலே கச்சை, நிலமே வீரனின் இடை.

இப்படிமத்துக்கு மிகப் பழைய முன்னோடியாக ஹோமரின் ‘ஒடிசி’யைக் காட்டுவர். அதன் முதற் காண்டத்தில் ஒடிசியஸ் சிறைப்பட்டிருக்கும் தீவுக்கு வரும் கிரேக்க அடைமொழி, இரு மருங்கும் நீர் ஓடுகின்ற என்று பொருள்படுவது. இதாக்கைத் தீவுக்கு வரும் அடைமொழியும் சுற்றிலும் கடலுடைய என்ற அளவிலே அமைகின்றது. இவற்றில் கச்சை இல்லை, கட்டு இல்லை, காவலும் இல்லை. ஆங்கிலக் கவிதை மொழியிற் பயின்ற ‘சீ-கேர்ட்’ என்ற சொல்லால் இவற்றைப் பெயர்க்கும்போது கிரேக்கத்தில் இல்லாத வாரொன்று தீவின் இடையிலே கட்டப்பட்டு விடுகின்றது. மூலத்தில் அவ்வடைமொழி நிற்கும் சூழலும் கருதத்தக்கது. வீடு திரும்ப விழையும் மனிதன், மரக்கலமும் துணைவருமின்றித் தடுத்து வைக்கப்பட்டிருக்கும் இடம் அது. நீர் ஓடுகின்ற என்ற சொல் அங்கு அழகைச் சொல்லவில்லை, தடையைச் சொல்லுகின்றது.

மில்ற்றனிடத்தே இச்சொல் பெறும் இடம் வேறு. 1634 ஆம் ஆண்டிலே லட்லோக் கோட்டையில் அரங்கேறிய ‘கோமஸ்’ என்னும் முகமூடி நாடகத்தின் தொடக்கவுரையில் இவ்வடை வருகின்றது. கடற்கடவுள் தனக்குப் பங்காகக் கிடைத்த தீவுகளைத் திறைசெலுத்தும் சிறு தெய்வங்களிடம் ஆட்சிக்காக ஒப்படைக்கின்றான். தீவுகளோ அணியற்ற கடலின் மார்பிலே பதித்த மணிகளாக ஒளிர்கின்றன. இந்நாடகம் பிறிஜ்வோட்டர் பிரபு வேல்ஸ் பிரதேசத்தின் ஆளுநர் பதவியை ஏற்றதைக் கொண்டாடும் முகமாக எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது. ஆட்சியைப் பகிர்ந்தளிக்கும் காட்சியிலே, ஆளுநர் ஒருவர் முன்னிலையிலே, தீவுகள் நகைகளாக எண்ணப்படுகின்றன. அடைமொழியின் அழகும் அதன் அரசியலும் இங்கு வேறு வேறல்ல.

இதற்கு முன்னரே ஷேக்ஸ்பியரின் ‘இரண்டாம் றிச்சட்’ நாடகத்தில் இறக்குந் தறுவாயிலுள்ள கோண்ட் கோமகன், இங்கிலாந்துக்குக் கடல் மதிலாகவும் அகழியாகவும் நின்று காப்பதைப் புகழ்கின்றான். இப்பகுதி நாட்டுப்பற்றுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்களிலே தனித்துக் கொடுக்கப்படுவதுண்டு. ஆனால் அப்பேச்சு அவ்விடத்தில் முடிவதில்லை. கடலாற் கட்டுண்டு பெருமையுற்ற நிலம் இன்று குத்தகைக்கு விடப்பட்டு, கடன்பத்திரங்களாற் கட்டுண்டு கிடக்கின்றது என்று அவன் தொடர்ந்து இடித்துரைக்கின்றான். ‘கட்டு’ என்ற சொல்லையே அவன் திருப்பிப் போடுகின்றான். சூழ்ந்துள்ள கடலைப் புகழ்ந்த வாய், சூழப்பட்ட நிலத்தில் நடப்பது யாது என்று கேட்கின்றது. இவ்விரண்டாம் பகுதியை விட்டுவிட்டு முதற்பகுதியை மட்டும் படிப்பவர்கள் அடைமொழியைப் பெற்றுக்கொண்டு கேள்வியைக் கைவிடுகின்றனர்.

அண்மைக்கால வரலாற்றில் இச்சொல் பெற்றுள்ள ஓரிடம் ஈழத்தமிழர்க்கு நேரடித் தொடர்புடையது. 1878 ஆம் ஆண்டிலே பீற்றர் டொட்ஸ் மக்கோமிக் இயற்றி, 1984 இல் அவுஸ்திரேலியாவின் தேசிய கீதமாக ஏற்கப்பட்ட பாடலில் அந்நாடு கடலாற் ‘கேர்ட்’ ஆனது என்று கூறப்படுகின்றது. அந்நாட்டுப் பிள்ளைகள் அச்சொல்லை வேறெங்கும் கேட்பது அரிது. ஆதிக்குடிகளின் தொன்மையை மறைக்கின்றதென்ற கண்டனத்தால் 2021 ஜனவரியில் அக்கீதத்தின் வேறொரு சொல் மாற்றப்பட்டது. ‘கேர்ட்’ அப்படியே நின்றது. இடைக்காலத்தில், 2014 ஆம் ஆண்டிலே, 157 தமிழ்ப் புகலிடக் கோரிக்கையாளர்கள் இந்தியக் கரையிலிருந்து படகில் வந்தபோது கடலில் மறிக்கப்பட்டு, கரையேற விடப்படாது, பல வாரங்கள் சுங்கக் கப்பலொன்றிலே தடுத்து வைக்கப்பட்டனர். கீதத்தில் கச்சை, கடலில் காவற்கப்பல். வழக்கிறந்த சொல் ஒன்று தன் பழைய பொருளை எவ்வளவு முழுமையாகப் பேணி வைத்திருந்தது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. தமிழில் ‘சூழ்’

தமிழிலக்கண மரபு பெயர், வினை, இடை, உரி என நாற்பாகுபாடு செய்தது. ஆங்கிலத்தின் பெயரடைக்கு நேரான தனிச்சொல்வகை அங்கு இல்லை. ‘கடல்சூழ் தீவு’ என்பதிலே சூழ் என்பது வினையடி. அது பெயரோடு சேர்ந்து வினைத்தொகையாகின்றது. வினைத்தொகையிலே காலங்காட்டும் உறுப்பு மறைந்திருத்தலின் சூழ்ந்த தீவு, சூழ்கின்ற தீவு, சூழும் தீவு என முக்காலமும் விரியும். ‘கேர்ட்’ என்பதோ முடிந்துபோன செயலின் விளைவைக் காட்டும் வடிவம்: கட்டியாயிற்று, இனிக் கட்டப்பட்ட நிலையே உண்டு. தமிழ்த் தொடரில் கடல் இன்னும் தொழிற்படுகின்றது. சூழ்தல் என்பதற்கு ஆராய்தல், கருதுதல் என்ற பொருள்களும் உள. சூழ்ச்சி என்ற பெயரும் இவ்வடியினதே. ஆகவே இரு தொடர்களும் இலக்கண அமைப்பிலேயே வேறுபட்டன.

எனினும் அமைப்பு வேறுபாட்டை வைத்துத் தமிழ் வழக்கு அதிகாரத்தோடு தொடர்பற்றது என்று பெருமை பேசுவது பொருந்தாது. பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளிவந்த தமது வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலிலே, பாணர் மரபில் மீண்டும் மீண்டும் வரும் வாய்பாட்டுத் தொடர்களை ஹோமரோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். கடல் உலகைச் சூழ்ந்திருத்தல் பற்றிய தொடர்களும் அவ்வகையில் அடங்கத்தக்கவை. அவை பெரும்பாலும் மன்னனின் ஆட்சிப்பரப்பைக் கூறுமிடத்தே வருவன. புறத்திணையின் அரசவைப் பாடலில் உலகம் கடலாற் சூழப்படுகின்றது. அகத்திணையின் நெய்தற் பாடலிலோ கடல் கரையிலிருந்தே பார்க்கப்படுகின்றது. நெய்தலின் மாந்தர் பரதவரும் உமணரும். அவர் செய்தொழில் மீன்படுத்தலும் உப்பு விளைத்தலும் விற்றலும். அதன் உரிப்பொருள் இரங்கல். கடல் அங்கு தொழிற்களம்; போனவன் மீளும் வழி; மீளாதபோது இரங்குவதற்குரிய வெளி. தீவகத்துக் கரம்பொனில் 1913 இற் பிறந்த தனிநாயகம் அடிகளார், பழந்தமிழ்ப் பாட்டில் நிலம் வெறும் பின்னணியன்று, மாந்தர் உணர்வோடும் வாழ்வோடும் பிணைந்தது என்பதைத் தமது ஆய்விலே விளக்கினார். பேராசிரியர் கா. சிவத்தம்பி திணைக்கோட்பாட்டின் அடியிலே வேறுபட்ட உற்பத்தி முறைகள் உள்ளமையை எடுத்துக்காட்டினார். இவ்விரு நோக்குகளையும் சேர்த்துப் பார்ப்பின், கடல் சூழ்தலைக் கூறும் வாய்பாடு அரசனுடைய கண்ணிலிருந்தும், கடலின் ஓதத்தையும் காற்றையும் கூறும் நெய்தல் மொழி உழைப்பவருடைய கண்ணிலிருந்தும் எழுவன என்பது விளங்கும்.

ஆனால் பழம்புலவருட் சிறந்தோர் அரசவை வாய்பாட்டை அவ்வாறே விட்டுவிடவில்லை. இதற்கு மூன்று சான்றுகளைத் தருவோம்.

முதலாவது, புறநானூற்றின் 18 ஆம் பாட்டு. குடபுலவியனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடியது. கடல் முழுதும் வளைந்த உலகை ஆண்டோர் வழித்தோன்றல் என்றே பாட்டுத் தொடங்குகின்றது. ஆனால் அடுத்துப் புலவர் உடம்பு உணவால் ஆவதையும், உணவு நிலமும் நீரும் சேர்ந்தவிடத்து உண்டாவதையும், மழையை மட்டும் நம்பிய நிலம் எவ்வளவு பரந்ததாயினும் மன்னனுக்குப் பயன்படாமையையும் கூறி, பள்ளமான இடங்களிலே நீர்நிலை அமைக்குமாறு வேண்டுகின்றார். கடல் சூழ்ந்த பெருமையிலிருந்து குளத்துக்கு வந்து சேருகின்றது பாட்டு.

இரண்டாவது, அதே தொகையின் 35 ஆம் பாட்டு. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பாடியது. கடலை எல்லையாகக் கொண்ட உலகம் என்ற தொடக்கம் இங்கும் உண்டு. பாட்டின் நோக்கமோ உழுதொழிலாளரின் வரிச்சுமையை எடுத்துரைப்பது. புலவர் தமது பழைய நிலவரிக் கடனை நீக்குவித்துக்கொண்டார் என்று பாட்டின் அடிக்குறிப்புக் கூறுகின்றது.

மூன்றாவது, திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்து மூன்றாம் குறள். மழை பொய்க்குமாயின் பரந்த நீராற் சூழப்பட்ட அகன்ற உலகினுள்ளே பசி நிலைத்து நின்று உயிர்களை வருத்தும் என்பது அதன் கருத்து. இங்கே நீர் சூழ்ந்த என்ற அடை ஓசை நிரப்புவதற்கு வந்ததன்று. கடல் உடையதாயினும் அதனாற் பயனில்லை என்ற குறிப்பினைப் பரிமேலழகர் கண்டு உரைக்கின்றார். புகழ்ச்சிக்குரிய அடைமொழியே இங்கு குற்றச்சாட்டாகின்றது: இவ்வளவு நீர் சூழ்ந்தும் இவ்வுலகிற் பசி.

மூன்றிடத்தும் ஒரே ஒழுங்கு காணப்படுகின்றது. சூழ்ந்த கடலைச் சொல்லும் புலவன் அதனோடு நின்றுவிடாது, நன்னீரையோ உணவையோ உழைப்பவன் சுமையையோ பற்றிக் கேட்கின்றான். ஷேக்ஸ்பியரின் கோண்ட் செய்ததும் ஏறக்குறைய இதுவே. அடைமொழியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அது எழுப்பும் கேள்விக்கு விடைகூறாமற் போவதிலேதான் தவறுண்டு என்பது இவற்றாற் பெறப்படும்.

4. மணிபல்லவத்திலே தவறவிட்ட மரக்கலம்

தீவு ஒன்றினை உள்ளிருந்து நோக்கிய தமிழ்க் காப்பியம் மணிமேகலை. மேகலை என்பது பெண்ணின் இடையணி. கடலைக் காக்கும் மணிமேகலா தெய்வத்தின் பெயரும் அதுவே. ஆங்கிலப் படிமத்தில் நாம் கண்ட இடைவார் இங்கும் உளது; ஆனால் அது வாள் தொங்கும் வார் அன்று. மரக்கலம் கவிழ்ந்து கடலில் அலைந்த கோவலனின் முன்னோன் ஒருவனைக் கரைசேர்த்த தெய்வத்தின் பெயர் அது. அந்நன்றியின் பொருட்டே கோவலன் மகளுக்கு அப்பெயர் இடப்பட்டது. நிலத்தைப் பெண்ணாகவும் கடலை அவளது ஆடையாகவும் உருவகிக்கும் மரபு 1891 இல் வெளிவந்த சுந்தரம்பிள்ளையின் மனோன்மணீய வாழ்த்துவரை தொடர்கின்றது. அம்மரபில் நிலம் பார்க்கப்படும் பொருளாகவே உள்ளது. சாத்தனாரோ கடலிற் செல்வோரின் பக்கத்திலே நிற்கின்றார்.

இக்காப்பியத்தின் மணிபல்லவத் தீவு புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ளதாகச் சொல்லப்படுகின்றது. அது நயினாதீவே எனக் கொள்வாரும், பிறவாறு கொள்வாரும் உளர். எமது வாதத்துக்கு அவ்வடையாளங் காணல் இன்றியமையாததன்று. அங்கு நிகழும் நிகழ்ச்சியே முக்கியம். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைப் பெற்ற ஆபுத்திரன், சாவக நாட்டிலே பசிக்கொடுமை என்று கேட்டு மரக்கலம் ஏறுகின்றான். புயற்காற்றால் மரக்கலம் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்குகின்றது. அவன் இறங்குகின்றான். இரவிலே, அவன் ஏறிவிட்டான் என்றெண்ணி மரக்கலம் போய்விடுகின்றது. உலகின் பசியையே தீர்க்கவல்ல பாத்திரம் கையிலிருந்தும் அத்தீவில் ஊட்டுவதற்கு ஒருவருமில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு அவன் உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகின்றான்.

தீவு வாழ்வின் அடிப்படை உண்மை இக்கதையிலே மிகச் சுருக்கமாகக் கூறப்பட்டுள்ளது. பொருள் இருந்தும் போக்குவரத்து இல்லையாயின் அது யாருக்கும் பயன்படாது. கருணை இருந்தும் கலம் இல்லையாயின் அக்கருணை பொய்கைக்குள்ளேயே கிடக்கும். பாத்திரம் மீண்டும் வெளிப்படுவதும், மணிமேகலை அதனைக் கொண்டு புகார் சேர்வதும், பசித்தோர் உண்பதும் கடலைக் கடத்தல் என்ற செயலாலேயே நிகழ்கின்றன. சாத்தனார் கடல் சூழ்ந்திருப்பதைக் கண்டு வியக்கவில்லை. கடலைக் கடப்பதற்கு வழியுண்டா என்று கேட்கின்றார்.

5. குறிகட்டுவானில் நின்று

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைக்கும், அங்கிருந்து மற்றொரு பாலத்தால் புங்குடுதீவுக்கும் தரைவழியுண்டு. அவ்வழி குறிகட்டுவானில் முடிகின்றது. அங்கிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறவேண்டும். நயினாதீவு அண்மையிலே தெரிவது, சிறுபொழுதிற் சென்றடையலாம். நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் செல்லும் அடியார் கூட்டம் திருவிழாக் காலத்தில் இத்துறையை நிறைத்துவிடும். நெடுந்தீவோ ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். நோயாளியும் கர்ப்பிணியும் மாணவரும் ஆசிரியரும் மீனும் அரிசியும் சீமெந்தும் இவ்வழியே போகவேண்டும். குறிகாட்டுவான் என்றும் இவ்விடத்தின் பெயர் எழுதப்படுவதுண்டு. காட்டுவான் என்ற அவ்வடிவம் மறுகரைக்குச் செல்வோரின் கண்ணுக்கு இவ்விடம் செய்யும் உதவியை நினைவூட்டுவதாய் உள்ளது.

இத்துறையிலே நிற்பவர்க்குக் கடலைப் பற்றித் தேவைப்படும் சொற்கள் சூழலைக் குறிப்பன அல்ல. திசையையும் பருவத்தையும் குறிப்பன. வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என யாழ்ப்பாணத்தார் காற்றுக்கு வழங்கும் பெயர்கள் யாவும் இன்று படகு ஓடுமா ஓடாதா, வலை வீசலாமா ஆகாதா என்பதோடு தொடர்புடையன. இவையே தீவு மக்களின் உண்மையான அடைமொழிகள் எனலாம்.

வெளியிலிருந்து வந்தோர் இட்ட பெயர்களோ வேறு. ஒல்லாந்தர் நெடுந்தீவை டெல்வ்ற் என்றும், வேலணைத் தீவை லைடன் என்றும், காரைதீவை அம்ஸ்ரடாம் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும், நயினாதீவை ஹார்லெம் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயரால் அழைத்தனர். தேசப்படத்தில் வட்டங்களாகத் தெரிந்த நிலங்களுக்குப் படம் வரைந்தவர்கள் பெயரிட்டனர். இவற்றுள் டெல்வ்ற் மட்டும் இன்றும் அரச ஏடுகளிலும் ஆங்கில வழக்கிலும் நிலைத்துள்ளது. திறைசெலுத்தும் தெய்வங்களுக்கு மணித்தீவுகளைப் பகிர்ந்தளித்த மில்ற்றனின் காட்சியும், கிழக்கிந்தியக் கம்பனியின் தேசப்படமும் ஒரே நூற்றாண்டின் விளைவுகள் என்பது தற்செயலன்று.

இத்தீவுகளிலே ஆறுகள் இல்லை. சுண்ணக்கற்பாறையிலே மழைநீர் ஊறி, உவர்நீரின் மேலே மெல்லிய படையாக மிதப்பதே கிணற்று நன்னீர். அளவுக்கு மிஞ்சி இறைப்பின் உவர்நீர் மேலெழும். மழை குறைந்த ஆண்டிலும் அதுவே நிகழும். ஆகவே நன்னீர்க் கிணறு எங்குள்ளது, அது யார் நிலத்தில் உள்ளது, அதில் அள்ளுவதற்கு யாருக்கு உரிமையுண்டு என்ற மூன்று கேள்விகளும் தீவகத்தின் சமூக வரலாற்றையே தீர்மானித்தன. விழா மலர்களும் சுற்றுலாப் பிரசுரங்களும் நாற்புறமும் கடல் சூழ்ந்த எழில்மிகு தீவு என்று எழுதுகையில் இம்மூன்று கேள்விகளும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன. குறட்பாவில் பசியைச் சுட்டுவதற்குப் பயன்பட்ட அடை இங்கு தாகத்தை மூடுவதற்குப் பயன்படுகின்றது.

6. நவீன இலக்கியத்தின் விடை

நவீன ஈழத்து எழுத்து இதனை எவ்வாறு எதிர்கொண்டது? மூன்று எழுத்தாளரை மட்டும் நோக்குவோம்.

செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1973 இல் வெளிவந்தது. 1978 இல் திரைப்படமாகவும் ஆக்கப்பட்டது. நெடுந்தீவைக் களமாகக் கொண்ட அந்நாவல், பருவக்காற்றோடு மீன்பிடிக்க வந்து கரையில் வாடி அமைப்போரையும் தீவு மக்களையும் பற்றியது. புவியியல் கற்றவரான ஆசிரியர் தலைப்புக்குக் கடலைத் தேர்ந்தெடுக்கவில்லை, காற்றைத் தேர்ந்தெடுத்தார். தொழிலாளரைக் கொண்டுவருவதும் கொண்டுபோவதும் அக்காற்றே. மனோரதியப் பாங்கு மிகுந்த நாவல் எனினும், தீவின் காலக்கணக்கை உள்ளிருந்தே அமைத்தமை அதன் சிறப்பாகும்.

புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935 – 1973) வேறொரு வகையில் முக்கியமானவர். முற்போக்கு அணியினரோடு கடுமையான கருத்துப்போர் நடத்தியவர் அவர். அவரது மெய்யுள் கோட்பாட்டையும் ஆன்மிக நோக்கையும் ஏற்காத விமரிசகர் பலர். அவ்விவாதம் இன்றும் முடிந்ததன்று. ஆனால் 1971 இல் புங்குடுதீவிலே, தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் கோயிலடி நன்னீர்க் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காக அவர் சத்தியாக்கிரகம் செய்தார், தாக்கப்பட்டார், சிறையிலடைக்கப்பட்டார். இரண்டாண்டுகளுக்குள் இறந்தார். இலக்கியக் கோட்பாடு பற்றி அவரோடு முரண்படுவோரும் இச்செயலின் முன் தம் நிலைப்பாட்டைக் கூறியாக வேண்டும். குடபுலவியனார் மன்னனிடம் நீர்நிலை வேண்டினார். தளையசிங்கம் இருக்கும் நீர்நிலையில் எல்லார்க்கும் உரிமை வேண்டினார். கடல் எல்லாரையும் சமமாகவே சூழ்ந்திருந்தது. கிணறு அவ்வாறிருக்கவில்லை. தீவு ஒன்றென்று காட்டும் அடைமொழி அதனுள்ளே உள்ள பிளவை எவ்வாறு மறைக்கின்றது என்பதற்கு இதுவே தலையாய சான்று.

மூன்றாமவர் அதே புங்குடுதீவில் 1950 இற் பிறந்து 2006 இல் மறைந்த கவிஞர் சு. வில்வரத்தினம். அவரது கவிதையை அணுகுமுன் இரு வரலாற்று நிகழ்ச்சிகளை நினைவிற் கொள்ளவேண்டும். 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிப் புறப்பட்ட ‘குமுதினி’ப் படகு நடுக்கடலிலே மறிக்கப்பட்டு, பெண்களும் பிள்ளைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். கொன்றோர் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சாட்சியம் கூறினர். பின்னர் 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளையடுத்துத் தீவகத்து மக்களிற் பெருந்தொகையினர் ஊர்விட்டு நீங்கினர். முதல் நிகழ்ச்சியில் கடலென்னும் வழி கொலைக்களமாயிற்று. இரண்டாவதில் தீவு ஆளற்றதாயிற்று.

வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ 1995 இல் வெளிவந்தது. மக்கள் நீங்கிய ஊரின் பாழ்நிலையே அத்தொகுதியின் உயிர்ப்பொருள். தலைப்பே ஓர் அடைமொழியைக் கொண்டுள்ளமையை நோக்குக. தீவிலுள்ள கிராமத்தைக் குறிக்கவந்த கவிஞர் கடலை அடையாக்கவில்லை. மக்கள் இல்லாதபோது கடல் எதனையும் சூழ்வதாகாது. வீடுகளினூடே உலாவுவதற்குக் காற்று ஒன்றே எஞ்சும். செங்கை ஆழியானிடம் தொழிலையும் மனிதரையும் கொண்டுவந்த காற்று, இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் வில்வரத்தினத்திடம் வெறுமையின் பெயராகின்றது. இவ்விரு தலைப்புகளுக்குமிடையே தீவகத்தின் வரலாறு கிடக்கின்றது எனலாம்.

7. ஓர் ஆட்சேபமும் முடிவும்

இவ்வாறு ஆராய்வது கவிதையின் அழகை மறுப்பதாகாதா என்று வினவப்படலாம். கடல் சூழ்ந்த நிலம் அழகியதே. அதனைச் சொல்வதற்கும் கவிஞனுக்கு உரிமையுண்டு. ஓர் அடைமொழியின்மேல் இத்துணைப் பாரத்தை ஏற்றலாமா என்பது அவ்வாட்சேபத்தின் சாரம். இதில் ஓரளவு உண்மையுண்டு. எல்லா அடையும் எல்லா இடத்தும் அரசியல் செய்கின்றது என்று கொள்ளும் விமரிசனம் விரைவிலே வாய்பாடாகிவிடும். தீவைப் பிரிந்து தொலைநாட்டில் வாழும் ஒருவர் தம் ஊரைக் கடல் சூழ்ந்ததாக நினைவுகூர்வதும், ஆளுநர் முன்னிலையில் தீவுகள் மணிகளாக எண்ணப்படுவதும் ஒன்றல்ல. ஏக்கத்திலும் முழுத்தீவும் ஒருங்கே கண்முன் வரும். ஆயின் அங்கே காண்பவன் உடைமையாளன் அல்லன், இழந்தவன்.

எனவே நாம் வேண்டுவது சொல்லை விலக்குவதன்று. அது வருமிடத்தில் மூன்று வினாக்களை எழுப்புக என்பதே. காண்பவர் எங்கே நிற்கின்றார்? கடல் அவருக்குக் காவலா, தடையா, வழியா? சூழப்பட்ட நிலத்தினுள்ளே நீரும் உணவும் உரிமையும் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன? மொழிபெயர்ப்பாளருக்கும் இவை உதவும். மில்ற்றனின் அடையைக் கடல்புனை என்றோ கடலணி என்றோ பெயர்த்தால் அதன் அரசவைத் தன்மை வெளிப்படும். அவுஸ்திரேலியக் கீதத்தின் அடைக்குக் கடலரண் என்பது பொருந்தும். ஒடிசியஸின் சிறைத்தீவுக்கு நீர்மறித்த என்பது மூலத்தின் உணர்வுக்கு அணித்தாகும். எல்லாவற்றுக்கும் ‘கடல்சூழ்’ என்ற ஒன்றையே வைப்பது மூன்று வேறு நோக்குகளை ஒன்றாக்கிவிடும்.

உள்நாட்டுப் போர் 2009 இல் முடிந்தபின் குறிகட்டுவானூடாகச் செல்வோர் தொகை பெருகியுள்ளது. நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் யாத்திரிகரும் சுற்றுலாப் பயணிகளும் வருகின்றனர். அவர்களுக்காக எழுதப்படும் பிரசுரங்களில் பழைய அடைமொழிகள் புத்துயிர் பெறுவதைக் காண்கின்றோம். தீவகத்திலேயே வாழ்வோர் படகின் நேரத்தையும் கடலின் நிலையையும் கிணற்று நீரின் உவரையும் பற்றியே இன்னும் பேசுகின்றனர். பழந்தமிழ்ப் புலவர் இவ்விரு பேச்சுக்களையும் ஒரே பாட்டினுள் வைக்க அறிந்திருந்தனர்: கடலைச் சொல்லித் தொடங்கினர், நீர்நிலையையும் உழவனையும் சொல்லி முடித்தனர். எமது காலத்து எழுத்தும் அவ்விரண்டாம் பாதியைக் கைவிடாதிருத்தல் வேண்டும். அதனைக் கைவிட்ட எழுத்தைச் சுட்டிக்காட்டுவது விமரிசகரின் கடனாகும்.